மைக்கை ஓரமாக வையுங்கள், வரைபடத்தை விரியுங்கள்

பூங்காவோ வாய்க்காலோ தெருவிளக்கோ, பொதுவேலை என்றாலே முதலில் ஒரு கூட்டம் போடுகிறார்கள். மேடை, மைக், வரிசையாக நாற்காலி. நான்கு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்ட, தீர்மானம் நிறைவேறிவிடும். பள்ளம் தோண்ட ஆரம்பித்ததும் அதே தலையாட்டியவர்கள்தான் "எங்களை யார் கேட்டார்கள்?" என்று சண்டைக்கு வருவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டால் ஆமாம் போடுவதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை. ஷெர்ரி அர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்துக் காட்டினார். வெறுமனே கருத்துக் கேட்பது அதில் நான்காவது படிதான். ஆறாவது படியில்தான் அதிகாரம் மக்கள் கைக்கு வரத் தொடங்குகிறது.

எனக்குப் பிடித்த வழி, வேலை நடக்கப்போகும் இடத்தின் வரைபடத்தைத் தரையில் பெரிதாகப் போடுவது. சாக்பீஸ் போதும், அட்டையில் மாதிரி செய்தால் இன்னும் நல்லது. பிரிட்டனில் டோனி கிப்சன் என்பவர் 1970-களிலேயே இப்படி அட்டை மாதிரிகளை வைத்துத்தான் மக்களைத் திட்டமிட வைத்தார். விளக்கு, பெஞ்சு, குப்பைத்தொட்டி, குழாய் என்று சின்னச் சின்ன அட்டைகளை வெட்டிக் கொடுத்துவிட்டு நாம் சும்மா நிற்க வேண்டும் (இதுதான் கஷ்டம்). மைக் பிடித்தால் நா எழாத ஒரு அம்மா, விளக்கு அட்டையை எடுத்துக்கொண்டு போய் நேராக அந்த இருட்டு வளைவில் வைப்பார். யார் வைத்தது என்று அட்டையில் பெயர் இருக்காது, அதனால் பகையும் இல்லை. பிடிக்காதவர் அட்டையைத் திருப்பி வைக்கலாம், எடுக்க மட்டும் கூடாது. எங்கே அட்டைகள் குவிகின்றன, எவை திரும்பிக் கிடக்கின்றன என்று பார்த்தாலே எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், வராதவர்கள். வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், படி ஏற முடியாதவர்கள். ஒரே நேரம் ஒரே இடம் என்று வைத்தால் இவர்கள் வரமாட்டார்கள், நாமும் "யாருக்கும் அக்கறையில்லை" என்று சொல்லிக்கொள்வோம். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கூடும் இடத்துக்கே போங்கள். வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, அங்கே திட்டம் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

பணம் எவ்வளவு என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் பங்கேற்பு பட்ஜெட்டை (நகரப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முடிவு செய்வது) தொடங்கியபோதும் சரி, கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கித் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தபோதும் சரி, கூட்டத்தில் பேசியதற்குப் பின்னால் உண்மையான பணம் இருந்தது. தொகை தெரிந்தால் பேச்சே மாறிவிடும், எல்லாம் வேண்டும் என்பவர்கள் எது முதலில் என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக, எது தேறியது, எது தேறவில்லை, ஏன், எந்த வேலை யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஒரே தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். அந்த "ஏன்" விட்டுப்போனால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.