தேன்மொழிக்கு ஒரு பெயர்ப்படம்: நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

தம்பி மகளுக்கு ஆகஸ்டில் காதுகுத்து. மண்டப வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸ், பத்திரிகை எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான். வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிற பெயர்ப்படத்தை மட்டும் நான் செய்து தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். 'தேன்மொழி', நாலே எழுத்து, சுற்றிலும் ஒரு அலங்காரச் சட்டம்.

ஆயத்த டெம்ப்ளேட்டுகள் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன, ரோஜாப்பூ, தங்க வளையம், பட்டாம்பூச்சி என்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் நான் பார்த்தவரை எல்லாமே ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்தவை, நடுவில் பெயருக்கென்று ஒரு குறுகலான பட்டைதான் விட்டிருப்பார்கள். அதில் தமிழைப் போட்டால் 'ழி'யின் கீழ்ச்சுழி ஒரு பக்கம் இடிக்கும், மேலே அதன் கொக்கி இன்னொரு பக்கம் இடிக்கும். இடிக்காமல் இருக்க எழுத்தைச் சிறிதாக்கினால் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் பெயர், அதன் அளவைப் பார்த்துத்தான் சட்டம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அளவு 12×8 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 3600×2400. ஜிம்ப் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் இந்த அளவுக்கு ஒரு வெற்றுக் கோப்பு திறந்து வைத்தாயிற்று. மார்ச்சில் வந்த 3.0 பதிப்புதான் போட்டிருக்கிறேன், அதில் நிழல் மாதிரியான எஃபெக்ட்டை எழுத்தின் மேல் போட்ட பிறகும் எழுத்து எழுத்தாகவே இருக்கும், நிழலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எனக்கு இது பெரிய நிம்மதி.

ஜூன் 5, வியாழன்

இன்று முழுக்க ஃபாண்ட் பார்த்ததிலேயே போனது. இலவசமாக, அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தும் உரிமத்தோடு கூகுள் ஃபாண்ட்ஸில் இன்று தமிழுக்கு எவ்வளவோ கிடைக்கிறது. பாலூ தம்பி கொழுகொழுவென்று குழந்தைக்குப் பொருத்தமாக இருக்கிறது. இலங்கைக்காரரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், சாய்ந்த கையெழுத்துப் போல அழகு. கேட்டமரான் ஒன்பது கனங்களில் வருகிறது. ஆனால் எனக்கு எழுத்துக்குள் தங்க நிறம் ஏற்ற வேண்டும், கோடு எங்கும் ஒரே தடிமனாக இருந்தால் அந்தத் தங்கம் தகடு ஒட்டியது போலத் தட்டையாக இருக்கும். கோடு ஒரு இடத்தில் பருத்து இன்னொரு இடத்தில் மெலிந்தால்தான் ஒளி ஓடுவது போலத் தெரியும். கடைசியில் நோட்டோ செரிஃப் தமிழ், போல்டு.

சாயங்காலம் தம்பி ஒரு படம் அனுப்பினான். பத்திரிகை தயாராகிற டிடிபி சென்டரில் ஃபோட்டோஷாப்பில் பெயரை ஒட்டியிருக்கிறார்கள், 'தே'யின் கொம்பு தனியாகக் கழன்று, 'மொ'வில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கிடக்கிறது. அங்கே இருந்தவர், யூனிகோடு என்றாலே இப்படித்தான் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கோபம் வந்தது, இது யூனிகோடின் குறை இல்லை. ப்ரிஃபரன்சஸுக்குள் டைப் என்ற பகுதியில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புதுக் கோப்பு திறந்து ஒட்டினால் கொம்பும் காலும் தன் இடத்தில் வந்து உட்காரும். தம்பிக்கு அதை எழுதி அனுப்பினேன். ஒரு குழந்தையின் பெயர் உடைந்து அச்சாவதை இந்தக் காலத்திலும் யாரும் சரி என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சட்டத்துக்கு என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தபோது அம்மாவின் முகூர்த்தப் புடவை நினைவுக்கு வந்தது. காஞ்சிபுரம் கோர்வை. அரக்கு உடல், கரும்பச்சை பார்டர், இரண்டும் சேருகிற இடத்தில் தாழம்பூ ரேக்கு, அதாவது வரிசையாக முக்கோணப் பற்கள். கோர்வையில் உடலையும் பார்டரையும் தனித்தனி நாடாவில் (ஊடு நூலைக் கொண்டுபோகும் தறிக்கட்டை) ஓட்டி, தறியிலேயே கோத்துக்கொண்டு போவார்கள், பின்னால் வைத்துத் தைப்பது கிடையாது.

"எதுக்கு இப்போ அதை எடுக்கிற, மடிப்புல விட்டுடும்டி" என்றார் அம்மா. பேத்தி பெயரைச் சுற்றி வரப்போகிறது என்றதும் அவரே எடுத்து வந்து ஜன்னல் ஓரம் மேஜையில் விரித்துத் தந்தார்.

ஸ்கேனரில் வைத்துப் பார்த்தேன், சரிகை மண் நிறமாகப் போய்விட்டது. வெயில் நேரே விழாத ஜன்னல் வெளிச்சத்தில், ஃபோனைத் துணிக்கு இணையாகப் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்ததில்தான் சரிகை சரிகையாக வந்தது. ஃப்ளாஷ் போட்டால் ஒரே வெள்ளைக் கோடு. வெளிச்சம் சீராக விழுவது இதில் ரொம்ப முக்கியம், ஏனென்றால் இதே துண்டைத்தான் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் வைக்கப்போகிறோம், ஒரு ஓரம் மட்டும் இருட்டாக இருந்தால் நான்கு பக்கமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைய வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு பல்லை மட்டும் வெட்டி அதையே அடுக்கியிருக்கலாம். ஆனால் கைத்தறியில் ஒரு பல் இன்னொரு பல் போல இருக்காது, ஒன்று சற்று நெடுப்பம், ஒன்றின் நுனி லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அது போய்விட்டால் புடவையே போன மாதிரி. அதனால் பக்கத்து பக்கத்துப் பற்கள் ஐந்தைச் சேர்த்து ஒரு துண்டாக எடுத்து, பர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்தி, சரியாக 600 பிக்சல் அகலத்துக்குக் கொண்டுவந்தேன். 600 என்பதற்குக் காரணம் உண்டு. 3600 அகலத்தில் அது ஆறு முறை மிச்சமில்லாமல் போகும், 2400 உயரத்தில் நான்கு முறை. ஒரு பல்லுக்கு 120.

துண்டைக் காப்பி செய்தாலே ஜிம்ப் அதைப் பேட்டர்ன் பட்டியலில் முதலாவதாகக் காட்டும், அதை வைத்துப் பட்டையை நிரப்பிவிடலாம். பட்டையின் உயரம் 360: பச்சையும் சரிகையும் 240, பல் 120. மேல்பட்டையைப் புரட்டினால் கீழ்ப்பட்டை, 90 டிகிரி சுழற்றினால் பக்கப்பட்டை. பற்கள் நான்கு பக்கமும் உள்ளே பார்க்க வேண்டும். புடவையில் அவை எப்போதும் உடலைப் பார்த்துத்தான் இருக்கும், அதனால் பெயர் உட்காரும் உள்பகுதிக்கு அரக்கைத் தவிர வேறு நிறம் யோசிக்கவே இல்லை.

மூலைகளை ஃப்ரீ செலக்ட் கருவியில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 45 டிகிரியில் வெட்டினேன். பல் ஆரம்பிக்கிற இடம் 240, அதாவது சரியாக இரண்டு பல் முடிகிற பள்ளம். அதனால் மூலையில் இரண்டு பக்கத்துப் பற்களும் பாதி பாதியாகச் சேர்ந்து, பட்டம் போல ஒரு சின்ன வடிவம் தானாக வந்துவிட்டது. தனியாக மூலைப்பூ எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த மூலை புடவையில கிடையாதே" என்றார், சந்தோஷமாகத்தான்.

ஜூன் 14, சனி

தங்கம். இதைப் பற்றி நிறைய பேர் கேட்பதால் எண்ணோடு எழுதிவிடுகிறேன். ஒற்றை மஞ்சளை நிரப்பினால் மஞ்சள்தான் தெரியும். தங்கமாகத் தெரிய இருட்டும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 139, 69, 19 என்ற பழுப்பில் தொடங்கி, 184, 134, 11, பிறகு 255, 215, 0, நடுவில் மெல்லிய கீற்றாக 255, 248, 220, மறுபடி வந்த வழியே பழுப்புக்கு இறங்குகிற கிரேடியன்ட், சற்றுச் சாய்வாக இழுக்க வேண்டும்.

அரக்கின் மேல் தங்கம் பளிச்சென்று பிரிந்து நிற்க எழுத்தைச் சுற்றி ஒரு கரும்பழுப்பு ஓரம் தேவை. ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுத்து எழுத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் க்ரோ கொடுத்து அந்தத் தேர்வைச் சுற்றிலும் வளர்த்து, கீழே புது லேயரில் நிரப்புவது. 12 பிக்சல் வளர்த்தால் 'ன்'னின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு 'ன்' தலையில் ஒரு கட்டி போல ஆகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிக்கும் எழுத்துக்கும் இடைவெளியே 20 பிக்சல் சுமார்தான், புள்ளி 12 வளர, எழுத்து 12 வளர, இடம் ஏது? 6 ஆக்கியதும் புள்ளி தனியே நின்றது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், படிக்கிறவர் புரிந்துகொள்வார். கூடத்தில் மாட்டுகிற பெயருக்கு அது சரிப்படாது, நாளைக்கு அந்தக் குழந்தை எழுத்துக்கூட்டப் போவதே இதைப் பார்த்துத்தானே.

பெயரை நடுவில் வைக்க அலைன் பட்டனை நம்பவில்லை. அது எழுத்துப்பெட்டியின் நடுவைத்தான் பார்க்கும். நான்கில் 'தே', 'ழி' இரண்டும் கீழே இறங்குகின்றன, அதனால் கீழே இறங்குவதை விட்டுவிட்டு எழுத்துகளின் உடலை மட்டும் வைத்துக் கண்ணால் நடுப்படுத்தினேன். நிழல் எல்லாவற்றுக்கும் வலது கீழ்ப்பக்கம், எழுத்துக்கும் சரி, பட்டை அரக்கின் மேல் போடுகிற மெல்லிய நிழலுக்கும் சரி.

ஜூன் 17, செவ்வாய்

ஃபோட்டோ லேபில் முதலில் 4×6 அங்குலத்தில் ஒன்று அச்சுப் போட்டுப் பார்த்தேன். திரையில் அழகாக இருந்த அரக்கு தாளில் கிட்டத்தட்டக் கறுப்பு. அரக்கு லேயரை மட்டும் கர்வ்ஸில் சற்று வெளிச்சமாக்கினேன், தங்கத்தைத் தொடவில்லை. பெரியதை மேட் தாளில் போடச் சொன்னேன், கூடத்தில் டியூப்லைட் எதிரே வருகிற சுவர் அது.

மரச்சட்டத்தின் உதடு சுற்றிலும் கால் அங்குலம் மறைக்கும், அது 75 பிக்சல். அந்த 75-ல் வெறும் பச்சை மட்டுமே இருக்கும்படி சரிகைக் கோடுகளை உள்ளே தள்ளியிருக்கிறேன். கடைக்காரரிடம் இதைச் சொன்னதும் அளவெடுத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்.

ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை லேயர்களோடு அப்படியே வைத்திருக்கிறேன், பெயர் எழுத்தாகவே இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். ஓரத்தை மட்டும் புதுப்பெயருக்குத் தகுந்தபடி திரும்ப எடுக்க வேண்டும். நீளமான பெயர் என்றால் எழுத்தைச் சுருக்காமல் அகலத்தை 600, 600 ஆகக் கூட்டுங்கள், அப்போதுதான் மூலை கலையாது. வேண்டுமென்கிறவர்கள் கேளுங்கள், அம்மா கொடுக்கச் சொல்லிவிட்டார்.