சிக்னல் ஜெனரேட்டரை பேலன்ஸ்டு இன்புட்டில் இணைத்தல்

சோதனைக்கான சிக்னலைத் தரும் கருவியான சிக்னல் ஜெனரேட்டரின் வெளியீடு, ஒரு நடுமுனையும் வெளிக்கூடும் கொண்ட பி.என்.சி. இணைப்பியில் வரும். ஆடியோ கருவிகளின் பேலன்ஸ்டு இன்புட்டோ எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று பின் இணைப்பி: 1ஆம் பின் எர்த், 2ஆம், 3ஆம் பின்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுதான் சிக்னல். பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பி.என்.சி.யிலிருந்து எக்ஸ்.எல்.ஆருக்குப் போகும் கேபிள் கேட்டால், பிளக்குக்குள்ளேயே 3ஆம் பின்னையும் 1ஆம் பின்னையும் சேர்த்துப் பற்றவைத்த ஒன்றைத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். அதில் சிக்னல் வரும் என்பது உண்மைதான். ஆனால் இரு கருவிகளின் எர்த்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு, கேபிளின் கவச வலையான ஷீல்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அங்கே உண்டாகும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அளக்க வேண்டிய சிக்னலோடு சேர்த்துவிடுவதால், அளவீட்டு வேலைக்கு அந்தக் கேபிள் உதவாது.

இரண்டு உள்கம்பிகளும் ஷீல்டும் கொண்ட மைக் கேபிளை வாங்கி நாமே செய்துகொள்வது நல்லது. பி.என்.சி.யின் நடுமுனை 2ஆம் பின்னுக்கும், அதன் வெளிக்கூடு இரண்டாவது உள்கம்பி வழியாக 3ஆம் பின்னுக்கும் போக வேண்டும். ஷீல்டை 1ஆம் பின்னில் சேர்த்து, ஜெனரேட்டர் மின்இணைப்பில் எர்த் ஆகியிருந்தால் ஜெனரேட்டர் முனையில் மட்டும் அதை இணைக்காமல் விடலாம். பேட்டரியில் இயங்குவதாக இருந்தால் இரு முனைகளிலும் சேர்ப்பதே சரி. ஹம் என்ற அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போகவில்லை என்பதற்காகப் பவர் கார்டின் எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து.

அல்சூரில் மேடை ஒலியமைப்புத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், இரு கம்பிகளிலும் எதிரெதிர் சிக்னல் இல்லாமல் இந்த இணைப்பு எப்படி பேலன்ஸ்டு ஆகும் என்று இன்றும் என்னோடு வாதிடுகிறார். இரைச்சல் நீங்குவதற்குத் தேவை சம சிக்னல் அல்ல, இரு கம்பிகளிலும் சம இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான சம மின்தடை. இன்புட்டின் ஒவ்வொரு காலுக்கும் தரையிலிருந்து 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 2ஆம் பின் பக்கம் ஜெனரேட்டரின் வெளியீட்டுத் தடையான 600 ஓமும் 3ஆம் பின் பக்கம் சுழியமும் இருக்கையில், இரைச்சல் ஏறக்குறைய 25 டெசிபெல் மட்டுமே குறையும். 3ஆம் பின்னுக்குப் போகும் கம்பியிலும் தொடராக ஒரு 600 ஓம் மின்தடையைப் பற்றவைத்தால் அந்த இழப்பு நீங்கிவிடும். 50 ஓம் ஜெனரேட்டருக்கு 50 ஓம். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகை போதும், அது பிளக்குக்குள்ளேயே அடங்கிவிடும்.

50 ஓம் சுமைக்கென்று அளவு காட்டும் ஜெனரேட்டர், ஆடியோ இன்புட்டில் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடுதலாகத் தரும். ஆகவே தொழில்முறை ஆடியோவின் வழக்கமான அளவான +4 டிபியு வேண்டுமானால், ஜெனரேட்டரின் திரை சொல்வதை நம்பாமல், 1.228 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்பதை இன்புட்டில் அளந்தே வைக்க வேண்டும். மைக் இன்புட்டாக இருந்தால் மைக்குக்கு மின்சாரம் தர அதிலிருந்தே வரும் 48 வோல்ட் ஃபான்டம் அணைந்திருக்கிறதா என்று இணைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சோதிக்க, சிக்னல் அளவைச் சுழியமாக்கி, அதிர்வெண் வாரியாக அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் 50 ஹெர்ட்ஸ் கோட்டைப் பார்த்தபடி அந்த மின்தடையை ஒரு கிளிப் வயரால் குறுக்கிணைத்துப் பாருங்கள். கோடு உயர்ந்தால், மின்தடை தன் வேலையைச் செய்கிறது.