மூடிக் கணக்கு

4 ஏப்ரல் 2021, ஞாயிறு

அப்பாவுக்குக் கிட்னி வேலை செய்யவில்லை, டயாலிசிஸ். ஒரு நாளைக்குத் தண்ணீர் 750 மில்லிதான். ராத்திரி எட்டு மணிக்கே அதில் 710 போய்விட்டது. மீதி நாற்பதை மாத்திரைக்கென்று மருந்துக் கப்பில் ஊற்றி வைத்தேன். அப்பா கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபோனைப் பார்த்தேன்.

ஃபோனில் லிபியா, இரண்டாம் உலகப்போர். 1943லும் ஏப்ரல் 4 ஞாயிறுதான். பெங்காசி பக்கத்தில் சொலுக் தளம், மணல்காற்று, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நேப்பிள்ஸில் குண்டு போடக் கிளம்பிய அமெரிக்க பி-24 விமானம். பேர் ‘லேடி பி குட்’. ஒன்பது பேர். அந்தக் குழு சண்டைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

துணை விமானி டோனர் நாட்குறிப்பு எழுதினார். அதனால்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

5 ஏப்ரல், திங்கள்

டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தால், உடம்பில் தேங்கிய தண்ணீர் 2.8 கிலோ ஏறியிருந்தது. டெக்னீஷியன் என்னைத்தான் திட்டினார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலு மணி நேரம் வெளியே பெஞ்சு. 1943இல் இதே தேதி அதிகாலை இரண்டு மணிக்கு, பெட்ரோல் தீரப்போகிறது என்று ஒன்பது பேரும் பாரஷூட்டில் குதித்தார்கள். தரையில் எட்டுப் பேர் ஒன்றுகூடினார்கள். வொராவ்காவைக் காணவில்லை. கையில் இருந்தது அரை கான்டீன், அதாவது ராணுவக் குப்பியில் பாதி, தண்ணீர். ராணுவ கான்டீனின் கொள்ளளவு ஒரு லிட்டரை ஒட்டி. அதில் பாதி, எட்டுப் பேருக்கு. தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி.

அப்பாவின் ஒரு நாள் அளவு அதைவிட அதிகம். இதை அவரிடம் சொல்ல முடியுமா?

6 ஏப்ரல், செவ்வாய்

ஓட்டுப் போட்டே ஆவேன் என்று அடம். வீல்சேரில் கூட்டிப்போனேன். வரிசையில் ஒரு பையன் இளநீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு வெறுங்காயை எங்கள் காலடியில் போட்டான். அப்பா அதைக் குனிந்து பார்த்தார். இளநீரில் பொட்டாசியம், அவருக்கு ஆகாது. பொட்டாசியம், பொட்டாசியம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

7 ஏப்ரல், புதன்

டயாலிசிஸ். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

8 ஏப்ரல், வியாழன்

சொல்லிவிட்டேன். தண்ணீர்க் கதையை இல்லை, ரேடியோக் கதையை.

நள்ளிரவு தாண்டி விமானி ஹாட்டன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறார். கீழே மேகம், தரை தெரியவில்லை, எங்கே இருக்கிறேன் சொல்லுங்கள் என்று. பெங்காசி பக்கத்துப் பெனினா ரேடியோ நிலையத்துக்காரர்கள் திசை பார்த்து, வடமேற்கே இருக்கிறாய், வா என்றார்கள். வடமேற்கே கடல். உண்மையில் அதற்குள் அவர்கள் தளத்தைத் தாண்டித் தென்கிழக்கே, பாலைவனத்துக்குள் போயிருந்தார்கள். அதே நேர்கோடு, எதிர்ப்பக்கம். தளம் இன்னும் முன்னால் இருக்கிறது என்று நினைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள்.

“அதெப்படிப்பா அவ்வளவு தப்பாச் சொல்லுவாங்க?” என்றேன்.

முப்பத்தைந்து வருஷம் பாளையங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அந்த பிலிப்ஸ எடு.” திருநெல்வேலி ஸ்டேஷனை வைத்து, பெட்டியை மடியில் போட்டு மெல்லத் திருப்பினார். ஓர் இடத்தில் பாட்டு மெலிந்து, கரகரப்பு மட்டும் நின்றது. இன்னும் திருப்பினார், பாட்டு திரும்ப வந்தது. பாதி வட்டம் சுற்றி, பெட்டியின் பின்புறம் எனக்கு முன்னால் வந்தபோது மறுபடி அதே கரகரப்பு.

“பாத்தியா? உள்ள இருக்க ராடு ஸ்டேஷன நேராப் பாத்தா சத்தம் செத்துரும். ஆனா ரெண்டு முனையில எது பாக்குன்னு அதுக்குத் தெரியாது. முன்னாலயும் ஒண்ணுதான், பின்னாலயும் ஒண்ணுதான். வளைய ஏரியலும் அப்படித்தாம்ட்டி. பெட்டி மேல குத்தம் சொல்லாத.”

ஒரு மணி நேரம் தண்ணீர் கேட்கவில்லை. வலது கையால் மட்டும் திருப்பினார், ஊசி குத்துகிற இடது கை போர்வைக்குள்.

டோனரின் 8ஆம் தேதி: மணல் குன்றுகள், ஓயாத மணல்காற்று. ரேடியோ பார்த்த லாமாட்டுக்குக் கண் போய்விட்டது. மற்றவர்களுக்கும் கண் சரியில்லை. இன்னும் வடமேற்குத்தான்.

9 ஏப்ரல், வெள்ளி

பாதியில் பிரஷர் இறங்கியது. மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்தார்கள். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை.

9ஆம் தேதி மூன்று பேர் உதவி தேடிப் பிரிந்து போனார்கள். ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர். ஐந்து பேர் அங்கேயே.

10 ஏப்ரல், சனி

நம் வாட்டர் பாட்டில் மூடியை சிரிஞ்சால் அளந்தேன். தளும்ப ஊற்றினால் 7 மில்லி. நாக்கு முழுக்க நனையவில்லை.

11 ஏப்ரல், ஞாயிறு

லேடி பி குட்டைப் ‘பேய் விமானம்’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. பேய் எங்கே வந்தது இதில்? தளத்திலிருந்தவர்கள் விமானம் கடலில் விழுந்திருக்கும் என்று கடல் பக்கம் தேடினார்கள். அது கிடந்தது சொலுக்குக்குத் தெற்கே 700 கிலோமீட்டரில். ஓட்ட ஆளில்லாமல் தானே சறுக்கி, வயிற்றால் இறங்கியிருந்தது. 1958இல் எண்ணெய் தேடிப் போனவர்கள் வானத்திலிருந்து பார்த்தார்கள், அடுத்த வருஷம் தரைவழியாகப் போனார்கள். உள்ளே தண்ணீர் இருந்தது. ஃப்ளாஸ்கில் காபி இருந்தது. ரேடியோ வேலை செய்தது.

குதித்த இடத்திலிருந்து அது இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். எட்டுப் பேரும் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். கடல் பக்கத்தில்தான் என்று நினைத்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று பாரஷூட் துணியைக் கிழித்துக் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வொராவ்காவுக்காகவும் இருக்கும். அவருடைய பாரஷூட் சரியாக விரியவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

1960 பிப்ரவரியில் ஐந்து பேர் ஒரே இடத்தில் கிடைத்தார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தார்கள். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு.

அப்பாவின் டயாலிசிஸ் ஷிஃப்ட்டை மாற்றலாமா, வேறு இடத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று அண்ணன் கேட்கிறான். மதுரையா, இங்கேயேவா? எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

12 ஏப்ரல், திங்கள்

டோனர் இன்று கடைசி. உதவி வரவில்லை, ராத்திரி பயங்கரக் குளிர், அவ்வளவுதான்.

அப்பா மெஷினில் இருந்தபடியே விரல் விட்டுக் கேட்டார்: “அஞ்சு. அப்புறம் அந்தக் குதிச்சு செத்தவன் ஆறு. தனியாப் போன மூணுல ரெண்டு பேரு கெடச்சாங்கன்னே. எட்டாச்சு. இன்னொருத்தன் எங்க?”

மூர் கிடைக்கவே இல்லை என்றேன்.

“அவங்க வீட்ல?”

பதில் இல்லை என்னிடம். 2.1 கிலோ ஏறியிருந்தது.

13 ஏப்ரல், செவ்வாய்

காலையில் 180 போயாச்சு. பிலிப்ஸுக்குப் பேட்டரி வீக்காம், பெரிய செல் மூன்று வாங்கச் சொன்னார். மத்தியானம் போகும்போது