எந்த ப்ராசஸ் எந்த கன்டெய்னருடையது: சர்வர் நாட்குறிப்பு

அக்டோபர் 3, கும்பகோணம்

குறுவை அறுவடை உச்சம். நெல் எடைப் பதிவு, அரிசி ஆலைக் கணக்கு, லாரி வாடகை மூன்றும் ஒரே சர்வரில், தனித்தனி கன்டெய்னரில் (டாக்கர் உருவாக்கும், தனியாகப் பிரித்த சூழல்) ஓடுகின்றன. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையில் 18432 என்ற எண்ணுள்ள (பிஐடி) பைத்தான் ப்ராசஸ் சிபியுவில் 98 சதவீதம் தின்கிறது. மூன்றுமே பைத்தான்தான், பெயர் உதவாது. யூசர் பத்தியையும் நம்பக் கூடாது: ஹோஸ்ட் (கன்டெய்னர்கள் ஓடும் சர்வர்) தன்னிடம் உள்ள பாஸ்வேர்டு கோப்பைப் பார்த்துத்தான் பெயர் போடும். கன்டெய்னருக்குள் 999 என்ற யூசர் எண் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் யூசராக இருக்கலாம், வெளியே அதே 999 வேறொரு யூசர்.

கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) கன்டெய்னர் ப்ராசஸும் சாதாரண ப்ராசஸ்தான். நேம்ஸ்பேஸும் (ப்ராசஸின் கண்ணில் எது படும் என்ற எல்லை), சிகுரூப்பும் (மெமரி, சிபியு பங்கைக் கணக்கிடும் குழு) மட்டும்தான் வேறு. அதனால் கெர்னலிடமே கேட்பது நல்லது. /ப்ராக்/18432/சிகுரூப் கோப்பை கேட் கட்டளையால் திறந்து பார்த்தால், சிகுரூப்பின் 2-ஆம் பதிப்பில் ஒரே வரி வரும்:

0::/சிஸ்டம்.ஸ்லைஸ்/டாக்கர்-(ஐடி).ஸ்கோப்

ஐடி 64 எழுத்து. அதன் முதல் 12 எழுத்தைத்தான் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் ‘டாக்கர் பிஎஸ்’ கட்டளை காட்டுகிறது. ஒப்பிட்டால் எடைப் பதிவு என்று தெரிந்துவிடும். இதை ஹோஸ்டில் நின்று பார்க்க வேண்டும். கன்டெய்னருக்குள்ளிருந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் 0::/ தான்.

அக்டோபர் 4

செயலியின் லாகில் ‘பிஐடி 27 பதிலில்லை’ என்று இருக்கிறது. அது உள் எண், அதாவது கன்டெய்னருக்குள் மட்டும் செல்லும் பிஐடி. ஹோஸ்டில் 27 பெரும்பாலும் கெர்னல் த்ரெட். அதற்கு கில் (நிறுத்தும் சிக்னல்) அனுப்பிப் பயனில்லை. /ப்ராக்/18432/ஸ்டேட்டஸ் கோப்பில் ‘என்எஸ்பிட்’ வரியில் ‘18432 27’ என்று இரண்டும் சேர்ந்தே இருக்கும்: இடது வெளி எண், வலது உள் எண். 27 எல்லா கன்டெய்னரிலும் இருக்கலாம், ஆகவே சிகுரூப்பையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஸ்ட்ரேஸ் (ப்ராசஸ் என்ன செய்கிறது என்று பார்க்கும் கருவி), கில்.

அக்டோபர் 6

கண்காணிப்பு ஏஜென்டும் கன்டெய்னர்தான், ஆனால் ஹோஸ்டின் பிஐடி நேம்ஸ்பேஸிலேயே ஓடுகிறது. என்எஸ்பிட் வரியில் ஒரே எண். வெளி ப்ராசஸ் என்றே தோன்றும். சிகுரூப் வரியில் மட்டும் ஐடி தெளிவாக இருக்கிறது. முதலில் சிகுரூப், பிறகுதான் மற்றவை.

அக்டோபர் 9

இரவில் ஓஓஎம் (மெமரி தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) ஒரு ப்ராசஸைக் கொன்றிருக்கிறது. செத்த ப்ராசஸுக்கு ப்ராக் அடைவு கிடையாது. டிமெஸ்ஜியில் (கெர்னல் லாக்) ‘ஓஓஎம்-கில்’ வரியைப் பிடிக்க வேண்டும். அதில் ‘டாஸ்க்_மெம்சிஜி’ என்ற இடத்தில் அதே 64 எழுத்து ஐடி. ‘கன்ஸ்ட்ரெயின்ட்_மெம்சிஜி’ என்றால் வைத்த மெமரி வரம்பை கன்டெய்னர் தாண்டியது. ‘கன்ஸ்ட்ரெயின்ட்_நன்’ என்றால் மெஷினின் மெமரியே தீர்ந்தது. அப்போது கன்டெய்னரின் வரம்பை உயர்த்தினால் நிலைமை மோசமாகும், செத்ததுதான் குற்றவாளி என்றும் இல்லை.

ஒரு சிக்கல்: ரீஸ்டார்ட் செய்தால் ஐடி மாறாது, டாக்கர் கம்போஸில் டவுன் செய்து (கன்டெய்னரை நீக்கி) அப் கொடுத்தால் (புதிதாக உருவாக்கினால்) மாறும். பழைய ஐடியை டாக்கரில் தேடினால் கிடைக்காது. ‘டாக்கர் பிஎஸ்’ வெளியீட்டை, ஐடியைச் சுருக்காமல், தேதியோடு ஒரு கோப்பில் சேர்க்கும் வரி இப்போது டெப்ளாய் ஸ்கிரிப்டில் இருக்கிறது.