மாமனார், ஊறுகாய், நூர்பர்க்ரிங்

கார் இன்னும் ஆவக்காய் வாசம் அடிக்கிறது. ஷாம்பு, பேக்கிங் சோடா, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று.

ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வருகிற மாமனார்கள் கொலோன் தேவாலயம் பார்ப்பார்கள், ரைன் நதியில் படகு ஏறுவார்கள். நமக்கு வாய்த்தவர் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர். அந்தக் காலத்தில் ராத்திரி ரயிலேறி சோழவரம் போய், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸைப் பார்த்தவர். கோவை ரேஸ் வீரர் கரிவர்தன் பேச்சை எடுத்தாரென்றால் சோறு ஆறிப்போகும். வந்த மறுநாளே, "ஏனுங் மாப்ள, அந்த நூர்பர்க்ரிங் இங்கிருந்து எவ்வளவு தூரமுங்க?"

நூர்பர்க்ரிங் ஒரு கார் ரேஸ் தடம். பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிற நாளில் அதன் வடக்குச் சுற்று வெறும் ஒருவழிச் சுங்கச் சாலைதான். லைசென்ஸும் முப்பது சொச்சம் யூரோவும் இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். வீட்டம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அப்பா கையில் ஸ்டீயரிங் போகக்கூடாது. நான் ஓட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை.

காரில் எதுவும் உருளாமல் காலி செய்துவிட்டுப் போகவேண்டும். செய்தேன். கொலோனில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டை, ஊறுகாய் பாட்டில், குழந்தை சீட் எல்லாம் இறக்கியாயிற்று. டிக்கெட் வாங்கிவிட்டு வருவதற்குள் மாமியார் மூட்டையையும் பாட்டிலையும் மறுபடி டிக்கியில் ஏற்றிவிட்டார். பார்க்கிங்கில் வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். போர்ஷேயில் வருகிறவனுக்கு பொன்னி அரிசி மேல்தான் கண்!

சுற்று 20.832 கிலோமீட்டர். எழுபதுக்கு மேல் வளைவுகள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 300 மீட்டர் வித்தியாசம். 2018-இல் டிமோ பெர்ன்ஹார்ட் போர்ஷே ரேஸ் காரில் 5 நிமிடம் 19 விநாடியில் சுற்றினார். இதே ஊர்ப் பக்கத்துப் பெண் சபீனே ஷ்மிட்ஸ், டிவி நிகழ்ச்சிக்காக ஃபோர்டு டிரான்சிட் வேனிலேயே பத்து நிமிடம் சொச்சத்தில் வந்தவர். நான் தொடக்கத்திலேயே வருகிற ஹாட்சன்பாக் வளைவுகளைத் தாண்டுவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது.

முந்துவது இடப்பக்கம் மட்டும்தான். பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வலது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழிவிடவேண்டும். போட்டேன். அதை அணைக்கவே வாய்ப்பு வரவில்லை. அவிநாசி ரோட்டில் வாழ்நாள் முழுக்க இண்டிகேட்டரைத் தொடாத மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, "அவனுக்கு எதுக்குங் மாப்ள வழி விடறீங்க?" என்கிறார். ஓரத் தடுப்புக் கம்பியில் இடித்தால் அதற்கும் பில் நம் பேரில்தான் வரும் என்றேன். "மீட்டர் கணக்குலயா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் கார் லேசாகிறது, வயிறு மேலே போகிறது. ஃபுக்ஸ்ரோரே சரிவின் அடியில் அதே வயிறு சீட்டுக்குள் இறங்குகிறது. அங்கேதான் பின்னால் 'தொம்'. கூடவே 'கிளிங்'. அடுத்த வளைவுக்குள் வாசம் முன்னால் வந்துவிட்டது. மாமனார் மூக்கை உறிஞ்சி, நாற்பது வருஷப் பட்டறை அனுபவத்துடன் தீர்ப்புச் சொன்னார்: "பிரேக் லைனிங் தீயுதுங் மாப்ள. நாஞ் சொல்லல?" பிரேக்கில் கடுகு தாளித்த வாசம் எப்படி வரும் என்று கேட்க நேரமில்லை, கண்ணாடியில் ஒரு பிஎம்டபிள்யூ பெரிதாகிக்கொண்டிருந்தது.

பெர்க்வெர்க் வளைவு வந்ததும், "லௌடா எரிஞ்சது இங்கீங்களா?" என்றார். ஃபார்முலா ஒன் சாம்பியன் நிக்கி லௌடாவின் கார் எரிந்தது அதற்குச் சற்று முன்னால், 1976 ஆகஸ்ட் 1. அதோடு ஃபார்முலா ஒன் இந்தச் சுற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டது. சீட்பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் காரசெல். கான்கிரீட் பலகை பலகையாகச் சாய்த்துப் போட்ட கிண்ணம், பொருட்காட்சி மரணக் கிணறுதான். இடது சக்கரங்கள் உள்ளே இறங்கியதும் பலகைக்குப் பலகை தடதடவென்று பல் ஆடுகிறது. டிக்கியில் உடைந்த பாட்டில் தாளம் போடுகிறது. மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. பல்செட் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் வீட்டம்மா டிக்கியைத் திறந்தாள், மூடினாள். மாமியார், "பாத்தியா, இங்க வெச்சிருந்தாத் திருடித்தான் போயிருப்பான்" என்றார். உடைந்தது பற்றிப் பேச்சில்லை.

ராத்திரி பால்கனியில் மாமனார் ஊருக்கு வாட்ஸாப் கால். அவர் பட்டறைக் கூட்டாளி. "ஆமாப்பா, நாந்தான் ஓட்டுனேன். காரசெல்ல உள்ளாரயே எறக்கிட்டேன். மாப்ள பக்கத்துல உக்காந்திருந்தாரு, கொஞ்சம் பயந்துட்டாரு பாவம்." ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் அரிசியிலிருந்து கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தவர், கொஞ்சமும் அசராமல் போனை நீட்டினார்.

"ஏனுங் மாப்ள," என்றது போன், "ரொம்பப் பயந்துட்டீங்களாமா?"

"ஆமாங்க," என்றேன். "மாமா கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறாருங்க."