பேர் போடுமுன் எதைக் கழிப்பது?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மார்க்ஸைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் உபரி மதிப்போடு, அதாவது உழைப்பு உண்டாக்கும் புது மதிப்பில் சம்பளம் போக முதலாளிக்கு மிஞ்சுவதோடு, நின்றுவிடும். அந்தக் கணக்கையும் பாதியில் விட்டுவிடுகிறோம்.

நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறித்தே ஆக வேண்டிய கொழுந்து, 18 கிலோ என்று வைப்போம். பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய 21.5 வீதம்தான் தூளாகும், அதாவது 3.87 கிலோ. ஏலத்தில் கிலோ 1,200 ரூபாவுக்குப் போனால் 4,644 ரூபா. 2024இல் வந்த நாட்சம்பளம் 1,350. முதலாளி கட்டும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் இரண்டையும் சேர்த்தால் 1,552.50. மிச்சம் 3,091.50.

"அவ்வளவும் தொரை வயித்துக்குத்தான்" என்று இங்கே முடித்துவிடுவார்கள். தப்பு. உரம், ஸ்டோர் (தேயிலை ஆலை) விறகு, கரண்ட், மெஷின் தேய்மானம் எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான் இருக்கின்றன. மார்க்ஸ் மாறா மூலதனம் என்பது இதைத்தான்: தன் பழைய மதிப்பைத் தூளில் ஏற்றுமே தவிர, புதிதாக எதையும் சேர்க்காது. புல்லு வெட்டியவர், கவ்வாத்து வெட்டியவர், ஸ்டோரில் ராச்சாமம் நின்றவர் எல்லாருடைய சம்பளமும் அதற்குள்ளேதான். ஆகவே உபரியை ஒரு கூடைக்குக் கணக்குப் பார்க்க முடியாது, முழுத் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கூடையில் பார்க்கக்கூடியது வேறு. 1,350ஐ 18ஆல் வகுத்தால் கிலோவுக்கு 75 ரூபா. நோமுக்கு மேல் பறிக்கும் ஓவர் கிலோவுக்கு 50 ரூபா என்றால், இடுப்பு ஒடிந்தபின் பறிக்கிற பத்தொன்பதாவது கிலோ முதல் கிலோவைவிட மலிவு. 17 கிலோவோடு நின்று அரைப்பேர், அதாவது அரைநாள் பதிவு, விழுந்தால் 675 ரூபா, கிலோவுக்கு 40 ரூபாகூட இல்லை. 2021இல் ஆயிரம் ரூபா வந்தபோது பல தோட்டங்களில் நோமும் கூடவே ஏறியது இதனால்தான். நாட்சம்பளம் என்று பேர், உள்ளே இருப்பது கிலோச் சம்பளம்.

அப்படியானால் தோட்டத்தை அரசு எடுத்தால் சரியாகிவிடுமா? எடுத்தும் பார்த்தாயிற்று. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் எல்லை வைத்தது, 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. ஆனால் பிரட்டு (காலையில் ஆளெடுத்து வேலை பிரிப்பது), கங்காணி (மேற்பார்வைக்காரர்), லயம் (வரிசை வீடு) மூன்றும் அசையவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன பெருந்தொகையான தொழிலாளருக்கு, 'மக்கள் சொத்து' என்றபோது அந்த மக்களுக்குள்ளேயே இடமில்லை. 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம் போனது.

இப்போது பேசப்படுவது குடும்பத்துக்குக் கொஞ்சம் தேயிலை மரம் பிரித்துக் கொடுக்கும் முறை. கொழுந்தைக் கம்பனியே வாங்கும், உரக்காசைக் கழித்துக்கொள்ளும். பாட்டியும் பள்ளிவிட்டு வரும் பிள்ளையும் சம்பளமில்லாமல் பறிப்பார்கள். காணி உறுதி கையில் இல்லை, ஸ்டோரும் இல்லை. கொழுந்து வேறு காத்திருக்காது. சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், அன்றைக்கே ஸ்டோருக்குப் போயாக வேண்டும். அதனால் ஸ்டோர்க்காரர் சொல்வதே விலை.

இதைத் தாண்டி யோசிக்க நினைப்பவர்கள் மார்க்ஸ் 1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோதா வேலைத்திட்டத்தைப் பற்றி எழுதியதை எடுக்க வேண்டும். உழைப்பின் பலன் முழுவதும் உழைத்தவனுக்கே என்ற கோஷத்தை அவர் அதில் கிழித்துப் போடுகிறார். பங்கு வைக்குமுன் தேய்ந்ததை ஈடுசெய்ய, உற்பத்தியை விரிக்க, அனர்த்தத்துக்கு என்று கழிக்க வேண்டும். பிறகு நிர்வாகம், பள்ளிக்கூடம், சுகாதாரம், உழைக்க முடியாதவர்கள்.

கவ்வாத்தை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். நாலு வருசத்துக்கு ஒருமுறை மரத்தை வெட்டினால் மூன்று நாலு மாதம் கூடையில் ஒன்றும் விழாது. நாலு மாதம் என்றே வைத்தால் 48 மாதத்தில் வருமானம் 44 மாதத்துக்குத்தான். மாதாமாதம் ஒரே தொகை கையில் வர, வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். தனித்தனித் துண்டாக வைத்திருந்தால் வெட்டுகிற வருசம் அடகுக்கடைதான். ஒன்றாக வைத்து வருசத்துக்குக் கால் பங்கு மலையை (தேயிலைப் பரப்பை) வெட்டினால் ஒரு வீடும் அந்த நாலு மாதத்தைத் தனியாகச் சுமக்காது. கூட்டுடைமைக்கு இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் பங்கு வைப்பதில். கிலோவுக்கு இவ்வளவு என்றால் செங்குத்து மலையில் ஏறுபவர் நட்டப்படுவார், அறுபது வயதுக்காரரும் அப்படியே. சம உரிமை சமமில்லாதவர்கள் மேல் விழுகிறது என்று மார்க்ஸே ஒத்துக்கொள்கிறார். மணிக்கணக்கில் பேர் போட்டு, மலைகளை முறைவைத்து மாற்றலாம். அப்போது யாராவது சும்மா நிற்பார்களே என்பார்கள். நிற்பார்கள்தான், ஆனால் அதைப் பிடிக்கத் தராசு தேவையில்லை. ஏழெட்டு நாளில் அதே மரத்துக்குத் திரும்ப வேண்டிய பறிப்புச் சுற்று பன்னிரண்டு நாளுக்கு இழுபட்டால் கொழுந்து முற்றிவிடும், ஏலத்துக்குப் போகும் மொத்த லொட்டின் விலையும் இறங்கும். எந்த மலையில் சுற்று பிந்தியது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதலில் எழுத வேண்டியது சுற்று அட்டவணை: எந்த மலை, எந்த நாள், எத்தனை பேர். அதைக் கணக்குப்பிள்ளையின் புத்தகத்துக்குள் பூட்டாமல் பிள்ளைமடுவச் (குழந்தைக் காப்பகச்) சுவரில் ஒட்டிவிட வேண்டும்.