அதையும் கேட்பார்கள்

“அண்ணே, இதக் கொடுத்தா அதையும் கேப்பாங்க.”

நான் சொன்னது இவ்வளவுதான். கடைக்காரர் அண்ணாந்து, தலைக்கு மேலிருந்த தகரத்தைப் பார்த்தார். முன்னால் கடைப்பையன் எவர்சில்வர் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அடங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப விட்டுருங்க தம்பி” என்றார். வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்று வருடம் ஆகப்போகிறது. இதைவிடக் கடுமையாக எத்தனையோ பேரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் எதிரிலேயே பிளானைக் கிழித்துப் போட்டார். அதெல்லாம் நினைவில் கூட நிற்கவில்லை. இவர் கோபப்படவே இல்லை, அதுதான் தொந்தரவு.

‘இது’ என்றது அவர் கேட்ட மின்தூக்கி. ‘அது’ என்றது அவருடைய அப்பா போட்ட தகரக் கூரை.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது எங்கள் கட்டடக் கலைஞர். ஆனால் அனுமதி தரும் ஆணையத்துக்குப் போகுமுன் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எது நிற்கும், எது திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடு வைத்திருப்பவர்கள் பின்னால் ஓர் அறை ஏற்றணும், மேலே ஒரு குளியலறை வேணும் என்று வந்தால், முதலில் பார்ப்பது நான்தான்.

இவர் கேட்டது பெரிய ஆசை இல்லை. பின்கட்டு முற்றத்தில் பாதியை மூடி ஒரு சின்ன மின்தூக்கி, மேல்மாடியில் அம்மாவுக்கு ஒரு குளியலறை. மின்தூக்கியின் தலைப்பகுதி மட்டும் பின்கட்டு ஓட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குப் பெட்டி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அன்றைக்கு இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

விதி என் பக்கம்தான் இருந்தது. 1989 ஜூலையில் சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இந்த மாதிரி வட்டாரங்களில் முன்பக்க அலங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. முழுக் கட்டடமும் கணக்கு. முடிந்தவரை இருப்பதை வைத்துக்கொள், பழுதைப் பக்குவமாகச் சரிசெய், மீட்டெடுப்பதைப் பழைய குணம் கெடாமல் செய் என்பதுதான் அடிப்படை. கொஞ்சம் தள்ளி ஜாலான் புசார் பக்கம் போனால் கதை வேறு. அது பிற்பாடு உருவான குடியிருப்புப் பகுதி என்ற வகை. அங்கே முன்கட்டைக் காப்பாற்றிவிட்டுப் பின்னால் உயர்த்திக் கட்ட இடம் உண்டு. நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. இதை அவரிடம் விளக்கியபோது சிரித்தார். “அப்ப எங்கப்பா பத்து நிமிஷம் சேர்த்து நடந்திருக்கணும்.”

சரி, தகரத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் போட்டால் கட்டடத்தை இருக்கிறது இருக்கிறபடி வரைந்து காட்ட வேண்டும். முற்றத்தின் மீதிப் பாதிக்கு மேலே அந்தத் தகரம் இருக்கிறது. எந்தப் பழைய பிளானிலும் அது கிடையாது. காட்டினால் ‘இது எப்போது வந்தது, எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பார்கள். காட்டாமல் விட எங்களால் முடியாது, கையெழுத்துப் போடுபவரின் பிழைப்பு போய்விடும். ஆகவே நான் சொன்னது பொய் இல்லை. முன்கூட்டியே எச்சரித்தது நல்லதுதான், அவருக்குச் செலவு மிச்சம் என்று எங்கள் முதலாளியும் சொன்னார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ‘கேட்பார்கள்’ என்பதோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லலாமே. அந்தக் கூரை எழுபதுகளில் போட்டது என்று அவரே சொன்னார். அதாவது பாதுகாப்பு அறிவிப்புக்கு முன்னால். அப்போது அவர் அப்பா அங்கே வாடகைக்கு இருந்தவர். 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001 வரை இருந்தது. வாடகையை ஏற்ற முடியாத வீட்டுக்காரர் ஓடு மாற்றித் தருவாரா என்ன? மழை உள்ளே கொட்டியது, குடியிருந்தவரே நாலு தகரம் வாங்கிப் போட்டுக்கொண்டார். பிற்பாடுதான் வீட்டையே வாங்கினார்கள். பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா அண்ணே, தேதி போட்ட ரசீது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு வேலைகளில் கேட்டிருக்கிறேன். இவரிடம் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். சில நாள், மறந்துவிட்டேன் என்று தோன்றும். சில நாள், அந்தப் பெட்டி பிடிக்காததால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று தோன்றும். இரண்டாவதுதான் உண்மை என்றால், விதியைச் சொல்லி என் ரசனையை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முற்றத்தையும் பின்சுவரையும் நான் ‘ஒரிஜினல்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் கடைவீடுகளின் பின்பக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. காற்றும் இல்லை, மலத்தை அள்ளிக்கொண்டு போக வழியும் இல்லை. 1907இல் சிம்சன் என்ற சுகாதாரப் பேராசிரியர் நகரத்தின் நிலைமையை ஆராய்ந்து, பின்சந்துகள் வெட்ட வேண்டும் என்று எழுதினார். அப்புறம் 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதற்காக வரிசை வரிசையாக வீடுகளின் பின்பகுதியை இடித்தார்கள். இவர் வீட்டிலும் முன்கட்டுச் செங்கல் வேறு, பின்சுவர்ச் செங்கல் வேறு. நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் இடித்ததால் வந்த சுவர் பாதுகாக்க வேண்டிய சரித்திரம், மழைக்கு அப்பா போட்ட தகரம் ஒட்டுவேலை. இப்படி நினைக்கும்போது என் தொழிலே எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. உடனே மறுபக்கமும் தோன்றும்: ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு அப்பா கதை இருக்கும். எல்லாக் கதைக்கும் தலையாட்டினால் பத்து வருடத்தில் தெருவே தகரமாகிவிடும். அதுவும் உண்மைதான்.

அங்கே போன முதல் நாள், சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உரிந்திருந்ததைக் காட்டி, “சிமென்ட் பூசியிருக்காங்கண்ணே, சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும்” என்று நான் பாடம் நடத்தினேன். “சுண்ணாம்புக் கம்பத்துல பொறந்தவன்கிட்ட சுண்ணாம்பு பத்திச் சொல்றீங்க” என்றார். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தைப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், சுண்ணாம்புச் சூளைகள் இருந்த காலத்துப் பெயர், கம்பம் என்றால் கிராமம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு இந்தியக் கைதிகள் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பில் கலந்து பூசிய கதையை அவரே எனக்குச் சொன்னார். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுவிட்டார். அதை நான் சேர்த்தேன். இரண்டு பேருக்கும் அன்று ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் அவருடைய அம்மா மாடியிலிருந்து இறங்கினார்.

அந்தப் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. மரப்படிகள் நடுவில் தேய்ந்து கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான். மறுபக்கம் மேலேயிருந்து நீல நைலான் கயிறு ஒன்று தொங்கியது, முழத்துக்கு ஒரு முடிச்சு. அம்மா திரும்பி நின்று, குழந்தைகள் இறங்குவது போலப் பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைத்து, முடிச்சு முடிச்சாகப் பிடித்து இறங்கினார். வயது எண்பத்து நான்கு. கீழே வந்ததும் என்னைப் பார்த்து, “சாப்டியாப்பா?” என்றார். முடிச்சுகளில் கைபட்டு நீலம் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்ததை நான் கவனித்தேன். மரப்படி அருமையானது, மாற்றவே கூடாது என்று குறிப்பேட்டில் எழுதியதும் அதே நாள்தான்.

அடுத்த வருடம் இன்னொரு கடைவீட்டில், படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, ஓட்டுக்குக் கீழே அடங்குகிற மாதிரி குட்டி மின்தூக்கி ஒன்றைப் போட்டோம். அனுமதி கிடைத்தது. வரைந்து பார்த்தபோதே வயிற்றைக் கலக்கியது. இவர் வீடு அதைவிட அகலம் குறைவு, இது பொருந்தியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளவு எடுத்துப் பார்க்கவில்லை. இப்போதும் போய் அளந்துவிடலாம், டேப் பையிலேயே இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் போனேன். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், நின்று விளக்கு பார்க்கும் கூட்டத்தில் அவரே என்னைக் கண்டுபிடித்து உள்ளே கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். பின்கட்டில் தகரத்தின் மேல் மழை சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கேட்டேன்.

“ஈசூன்ல தங்கச்சி வீட்ல இருக்காங்க” என்றார். “அங்க லிஃப்ட் இருக்குல்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். சூடாக இருக்கும் என்று என் டீயை அவரே ஒரு தரம் ஆற்றிக் கொடுத்தார். படிக்கட்டில் கயிறு அப்படியே தொங்கியது.